கீமோ எடுப்பவருக்கு ஆன்டிஆக்ஸிடன்ட் டப்பா வாங்கிக்கொண்டு போகாதீர்கள்

ஒரு வீட்டில் கேன்சர் என்று தெரிந்ததும் முதலில் வருவது சொந்தக்காரர்கள். அவர்கள் கையோடு வருவது டப்பாக்கள். கோதுமைப்புல் பொடி, ஸ்பைருலினா, திராட்சை விதை மாத்திரை, பெயர் வாயில் நுழையாத ஏதோ ஒரு பழச்சாறு. எல்லாவற்றிலும் பெரிய எழுத்தில் 'ஆன்டிஆக்ஸிடன்ட்' என்று போட்டிருக்கும். வாங்கி வருபவர்களின் அன்பை நான் குறை சொல்லவில்லை. என் கோபமெல்லாம் விற்பவர்கள் மேல்தான்.

போன மாதம் தம்பி முறை ஆகிற ஒருவன் இன்பாக்ஸில் ஒரு பாட்டிலைப் போட்டோ எடுத்து அனுப்பினான். "அம்மாவுக்கு கீமோ ஓடிட்டிருக்கு, கூடவே இதைக் கொடுக்கலாமாண்ணே?" லேபிளைப் பெரிதாக்கிப் பார்த்தேன். வைட்டமின் ஈ, செலினியம், என்-அசிடைல் சிஸ்டீன். முன்பக்கம் 'செல்களைக் காக்கும்'. பின்பக்கம் எறும்பு சைஸ் எழுத்தில் 'மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல'. வேண்டாம்டா என்றேன். ஏன் என்று கேட்டான். நியாயமான கேள்வி.

விற்பவர்கள் சொல்லும் கதை எளிமையானது. ஃப்ரீ ராடிக்கல்கள், அதாவது உடம்பில் உருவாகிற, கண்டதோடும் வினைபுரியத் துடிக்கிற மூலக்கூறுகள், செல்லின் டிஎன்ஏவைக் கெடுக்கும். டிஎன்ஏ கெட்டால் கேன்சர் வரலாம். ஆகவே ஃப்ரீ ராடிக்கல்களை அடக்கும் ஆன்டிஆக்ஸிடன்ட் மாத்திரையை விழுங்கினால் கேன்சர் வராது, வந்ததும் போய்விடும். முதல் இரண்டும் உண்மை. மூன்றாவதைத்தான் மனிதர்களிடமே சோதித்துப் பார்த்துவிட்டார்கள்.

பின்லாந்தில் 1985இல் தொடங்கிய சோதனை அது. 50 முதல் 69 வயது வரையுள்ள 29,133 ஆண்கள், அத்தனை பேரும் புகைபிடிப்பவர்கள். சிலருக்குத் தினம் 20 மில்லிகிராம் பீட்டா கரோட்டின், சிலருக்கு வைட்டமின் ஈ, சிலருக்கு இரண்டும், மிச்சப்பேருக்கு வெறும் டம்மி மாத்திரை. ஐந்து முதல் எட்டு வருஷம் கொடுத்தார்கள். கேரட்டில் இருக்கிற சத்துதானே, நுரையீரல் கேன்சர் குறையும் என்றுதான் எதிர்பார்த்தார்கள். 1994இல் முடிவு வந்தபோது பீட்டா கரோட்டின் சாப்பிட்டவர்களிடம் நுரையீரல் கேன்சர் 18 சதவீதம் அதிகமாக இருந்தது. ஏதோ தற்செயல் என்று தள்ளிவிடவும் வழியில்லை. அமெரிக்காவில் புகைபிடிப்பவர்களையும் ஆஸ்பெஸ்டாஸில் வேலை செய்தவர்களையும் வைத்து, பீட்டா கரோட்டினோடு வைட்டமின் ஏ சேர்த்துக் கொடுத்த இன்னொரு சோதனையில் 28 சதவீதம் கூடியது. 1996 ஜனவரியில், முடிய வேண்டிய தேதிக்கு 21 மாதம் முன்னாலேயே அதை நிறுத்திவிட்டார்கள்.

இதில் ஒரு கிளைக்கதை உண்டு. பின்லாந்தில் வைட்டமின் ஈ எடுத்தவர்களுக்கு ப்ராஸ்டேட் கேன்சர் குறைந்தது போலத் தெரிந்தது. அதை நம்பி 35,000க்கும் மேற்பட்ட ஆண்களோடு 'செலக்ட்' என்ற பெரிய சோதனையை நடத்தினார்கள். 2011இல் வெளியான கணக்குப்படி, வைட்டமின் ஈ மட்டும் எடுத்தவர்களிடம் ப்ராஸ்டேட் கேன்சர் 17 சதவீதம் அதிகம். தம்பி அனுப்பிய பாட்டிலில் இருந்ததும் அதே வைட்டமின் ஈதான்.

ஏன் இப்படி ஆகிறது? நம் செல்லுக்குச் சொந்தமாகவே ஒரு பாதுகாப்பு ஏற்பாடு இருக்கிறது. குளுட்டாதயோன் (சிலர் நிறம் வெளுக்க ட்ரிப்ஸில் ஏற்றிக்கொள்கிறார்களே, அதேதான்), எஸ்ஓடி, கேட்டலேஸ் என்ற நொதிகள் எல்லாம் அதில் சேர்த்தி. இவற்றில் பலவற்றை முடுக்கிவிடுவது என்ஆர்எஃப்2 என்ற புரதம். சாதாரண நேரத்தில் கீப்1 என்ற இன்னொரு புரதம் அதைப் பிடித்து அழிவுக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். ஃப்ரீ ராடிக்கல்கள் பெருகி ஆக்சிஜனேற்ற நெருக்கடி வந்தால் கீப்1 பிடியை விடும், என்ஆர்எஃப்2 உட்கருவுக்குள் போய் வேலையைத் தொடங்கும். கேன்சர் வராத உடம்புக்கு இது வரம். என்ஆர்எஃப்2 இல்லாமல் வளர்த்த எலிகளுக்குப் புற்றுநோயூட்டும் ரசாயனத்தைக் கொடுத்தால் கட்டிகள் அதிகம் வருகின்றன.

ஆனால் கேன்சர் செல்லும் நம் உடம்பின் செல்தான். ஓய்வில்லாமல் பெருகுவதால் அதற்குள் ஆக்சிஜனேற்ற நெருக்கடி எப்போதும் அதிகம், ஆகவே பாதுகாப்பும் அதற்கு அதிகம் தேவை. நுரையீரலில் வரும் அடினோகார்சினோமா வகையில், கிட்டத்தட்ட ஆறில் ஒரு கட்டியில் கீப்1 மரபணுவே பழுதாகியிருக்கிறது. பிடித்து வைக்க ஆளில்லாமல் என்ஆர்எஃப்2 இரவு பகலாக உழைக்கிறது, கட்டிக்காக.

2014இல் ஸ்வீடனில் செய்த எலி ஆய்வுதான் எனக்கு இதைத் தெளிவாக்கியது. நுரையீரலில் ஆரம்பக் கட்டி இருந்த எலிகளுக்கு வைட்டமின் ஈயும் என்-அசிடைல் சிஸ்டீனும் தனித்தனியாகக் கொடுத்தார்கள். கட்டி செல்களில் டிஎன்ஏ சேதம் குறைந்தது, டப்பாவில் போட்டிருக்கிற மாதிரியே! சேதம் குறைந்ததால், கெட்டுப்போன செல் பெருகாமல் தடுக்கும் பி53 என்ற காவல் புரதமும் உஷாராகவில்லை. கட்டிகள் வேகமாக வளர்ந்தன, எலிகள் சீக்கிரம் செத்தன. 'செல்களைக் காக்கும்' என்று லேபிளில் போட்டது பொய்யில்லை. எந்த செல்லை என்றுதான் போடவில்லை.

சிகிச்சை நடக்கும்போது விஷயம் இன்னும் சிக்கல். கரண்ட் வைக்கும்போது கதிர்வீச்சு பெருமளவு வேலை செய்வதே செல்லுக்குள் இருக்கும் தண்ணீரை உடைத்து ஃப்ரீ ராடிக்கல்களை உண்டாக்கித்தான். சில கீமோ மருந்துகளும் ஓரளவு அந்த வழியில் போகின்றன. கனடாவின் க்யூபெக்கில் தலை, கழுத்து கேன்சருக்குக் கரண்ட் வைத்த 540 பேரிடம் வைட்டமின் ஈ, பீட்டா கரோட்டின் கொடுத்துப் பார்த்தார்கள். இரண்டையும் சேர்த்து எடுத்தவர்களுக்குக் கடுமையான பக்கவிளைவு குறைந்தது. அதே சோதனையில், வைட்டமின் ஈ எடுத்துக்கொண்டிருந்த காலத்தில் புதிதாக இன்னொரு கேன்சர் வந்தவர்களும் அதிகம். வாய்க் கேன்சர் மலிந்த நம் நாட்டில் இது தூரத்துச் செய்தி அல்ல.

அப்படியென்றால் பழம் சாப்பிடக்கூடாதா என்று கேட்காதீர்கள். தாராளமாகச் சாப்பிடலாம். அதே பின்லாந்துக்காரர்களில், உணவின் வழியாகக் கரோட்டின் அதிகம் பெற்றவர்களுக்கு நுரையீரல் கேன்சர் குறைவாகவே இருந்தது. சாப்பாட்டில் வருவது வேறு, மாத்திரையாக அமுக்கித் திணிப்பது வேறு. என்-அசிடைல் சிஸ்டீனும் கெட்ட பொருள் இல்லை, பாராசிட்டமால் அளவு மீறிப்போனவரின் ஈரலைக் காப்பாற்றுவதே அதுதான். ரத்தத்தில் ஏதாவது சத்துக் குறைந்திருந்தால் ஆன்காலஜிஸ்ட் பார்த்து எழுதித் தருவார். அவருக்குத் தெரியாமல் தலையணைக்கடியில் வைத்து விழுங்குவதைத்தான் சொல்கிறேன். அடுத்த முறை ஓபிக்குப் போகும்போது வீட்டில் இருக்கிற டப்பாக்களை ஒரு பையில் போட்டு அப்படியே மேஜையில் கொட்டிக் காட்டுங்கள். திட்டினால் திட்டட்டும்.

'எங்கள் பிராடக்ட் அப்படியில்லை' என்று கமென்ட்டில் வரப்போகிறவர்களுக்கு: கீமோ எடுக்கும் மனிதர்களிடம், டம்மி மாத்திரையோடு ஒப்பிட்டு, கட்டி திரும்ப வந்ததா என்று வருஷக்கணக்கில் பார்த்த ஆய்வு இருந்தால் லிங்க் போடுங்கள். குணமானவர் பேசும் வீடியோவைப் போட்டால் அழித்துவிடுவேன்.