மழையை அளக்க ஒரு பாட்டில் போதும்

போன வாரம் என் தோழி போன் செய்தாள். அவள் மகள் மூன்றாம் வகுப்பு படிக்கிறாள். "ஸ்கூல்ல புதுசா ஸ்டெம் கிளாஸ் ஆரம்பிச்சிருக்காங்க, கிட்டுக்குத் தனியா பணம் கேக்கறாங்க, சேர்க்கட்டுமா?" என்றாள். கிட்டுக்குள் என்ன இருக்கிறது என்று கேட்டேன். ஒரு மோட்டார், இரண்டு சக்கரம், பேட்டரி, எதை எங்கே மாட்ட வேண்டும் என்று படம் போட்ட ஒரு தாள். தாளில் உள்ளபடி மாட்டினால் வண்டி ஓடும். முப்பது பிள்ளைகளுக்கும் ஒரே வண்டி. அவளிடம் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

நான் ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் ஆசிரியை. நான்காம் வகுப்பும் ஐந்தாம் வகுப்பும் ஒரே அறையில். தமிழ், ஆங்கிலம், கணக்கு, அறிவியல், சமூக அறிவியல் எல்லாமே நான்தான். இதைக் குறையாகச் சொல்பவர்கள் உண்டு. எனக்கு இது பெரிய வசதி. ஸ்டெம் என்றால் அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம் நான்கையும் இணைத்துக் கற்பிக்க வேண்டும் என்கிறார்கள். உயர்நிலைப் பள்ளியில் அதற்கு ஆசிரியர்கள் ஒன்றாக உட்கார்ந்து திட்டம் போட வேண்டியிருக்கும். என் வகுப்பில் அவை பிரிந்தே இல்லை. நடுவில் மணி அடித்ததும் "கணக்கு நோட்டை மூடி வை" என்று நான் சொல்லாமல் இருந்தால் போதும்.

போன ஐப்பசியில் நடந்தது இது. டிவியில் எங்கள் பக்கம் 4 சென்டிமீட்டர் மழை என்று சொன்னார்களாம். "மழையை எப்படி டீச்சர் ஸ்கேல்ல அளப்பாங்க?" என்று ஒரு பையன் கேட்டான். பதில் எனக்குத் தெரியும், சொல்லவில்லை. "நாமும் அளந்து பார்ப்போமா?" என்றேன்.

இரண்டு லிட்டர் குளிர்பானப் பாட்டிலின் தலையை வெட்டி, அதையே கவிழ்த்துப் புனலாக வைத்தோம். பக்கத்தில் காகித ஸ்கேலை ஒட்டினோம். பாட்டிலின் அடி மேடும் பள்ளமுமாக இருக்கும், பார்த்திருப்பீர்கள். அடியிலிருந்தே ஸ்கேலை ஒட்டினால் கணக்கு தப்பாக வரும். அதை ஒரு பிள்ளை கண்டுபிடிக்க இரண்டு மழை ஆனது. அப்புறம் கூழாங்கல்லைப் போட்டு, கல் மூழ்கும் வரை தண்ணீர் ஊற்றி, அந்த மட்டத்தைப் பூஜ்யம் என்று வைத்துக்கொண்டார்கள். காற்றில் பாட்டில் சாய்ந்தது, செங்கல்லை முட்டுக் கொடுத்தார்கள். வேப்பமரத்தடியில் வைத்தது தப்பு என்று ஒரு நாள் முழுக்கச் சண்டை. இலையிலிருந்து சொட்டுவதும் மழைதானா இல்லையா என்று. கடைசியில் திறந்தவெளிக்கு மாற்றினார்கள். வெயில் அடித்த இரண்டு நாள் கழித்துப் பார்த்தால் தண்ணீர் பூஜ்யத்துக்குக் கீழே போயிருந்தது. ஆவியாதல் பாடத்தை அன்று நான் நடத்தவே இல்லை, அவர்களே பேசி முடித்துவிட்டார்கள்.

நான் மறக்கவே முடியாதது அந்தப் பக்கெட். "பெரிய பாத்திரம் வெச்சா நெறையப் பேயுமா டீச்சர்?" என்று ஒருத்தி கேட்டாள். சரி, வைத்துப் பார் என்றேன். பாட்டிலுக்குப் பக்கத்தில் நேராக நிற்கும் ஓர் எவர்சில்வர் தூக்கும் ஒரு பிளாஸ்டிக் பக்கெட்டும் வைத்தார்கள். மறுநாள் பாட்டிலில் 22 மில்லிமீட்டர். தூக்கிலும் 22. பக்கெட்டில் 39. வகுப்பே அமைதியாகிவிட்டது. வானம் பக்கெட்டுக்கு மட்டும் கூடக் கொடுத்ததா? கேட்டவளே பக்கெட்டைச் சுற்றிச் சுற்றி வந்தாள். உள்ளே கையை விட்டு அடியைத் தடவிப் பார்த்தாள், அப்புறம் வாயைச் சாணால் அளந்தாள். "வாய் அகலமா இருக்குதுங்க டீச்சர், அடி குறுகலு. மேல புடிச்ச தண்ணி கீழ எடமில்லாம ஒசந்துக்குது." பரப்பளவு, கன அளவு என்ற சொல் எதுவும் அவளுக்கு அப்போது தேவைப்படவில்லை. பிறகு அந்தச் சொற்களைச் சொன்னபோது, ஏற்கெனவே பழகிய ஆளுக்குப் பெயர் சொன்ன மாதிரி வாங்கிக்கொண்டாள்.

வானிலை ஆய்வு மையம் காலை 8.30க்கு மழையைக் கணக்கெடுக்கிறது என்று சொன்னதும் நாமும் அதே நேரம் எடுக்க வேண்டும் என்றார்கள். காலை உணவுத் திட்டம் வந்த பிறகு பிள்ளைகள் எட்டேகாலுக்கே பள்ளியில் இருக்கிறார்கள். சாப்பிட்டுக் கைகழுவிய கையோடு போய் அளவெடுத்து எழுதுகிறார்கள்.

இடையில் பள்ளிக்கு வந்த ஓர் அதிகாரி "பாடம் நடத்தாம வெளியில என்னம்மா விளையாட்டு?" என்று கேட்டார். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. கையால் செய்வது வேறு, படிப்பது வேறு என்று நம் எல்லோருக்குள்ளும் ஊறிக் கிடக்கிறது. 2007-08இல் செயல்வழிக் கற்றல் மாநிலம் முழுக்க வந்தபோது கரும்பலகை பிள்ளையின் உயரத்துக்கு இறங்கியது, பாய் விரித்துக் குழுவாக உட்கார்ந்தார்கள். எவ்வளவு அருமையான மாற்றம் அது! ஆனால் பல இடங்களில் பாடத்துக்குக் கொடுத்த அட்டைகளை வரிசைப்படி முடிப்பதே வேலையாகிப் போனது. கை மட்டும் வேலை செய்தால் போதாது, பிள்ளைக்குத் தெரிந்தே ஆக வேண்டிய ஒரு கேள்வி முன்னால் இருக்க வேண்டும் என்பதை நான் அங்கேதான் கற்றேன். என் தோழியின் கிட்டில் இல்லாததும் அந்தக் கேள்விதான்.

2022 நவம்பரில் தொடங்கிய வானவில் மன்றம் ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரையிலான அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சோதனைகளைக் கொண்டுபோகிறது. நல்ல திட்டம். "எங்கும் அறிவியல், யாவும் கணிதம்" என்ற அதன் வாசகம் எனக்கு மிகவும் பிடிக்கும். ஆனால் ஆறாம் வகுப்பு வரை ஏன் காத்திருக்க வேண்டும்? எட்டு வயதில்தான் பிள்ளை வெட்கப்படாமல் கேட்கிறது. ஆறாம் வகுப்புக்குப் போவதற்குள், சரியான பதில் தெரிந்தால் மட்டுமே கை தூக்க வேண்டும் என்று பழகிவிடுகிறது.

22 மில்லிமீட்டர் என்றால் எவ்வளவு தண்ணீர் என்று அடுத்த கேள்வி வந்தது. ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை என்பது ஒரு லிட்டர். பள்ளி மாடியைப் பிள்ளைகளே டேப் பிடித்து அளந்தார்கள்: நீளம் 8 மீட்டர், அகலம் 6 மீட்டர். 48ஐ 22ஆல் பெருக்கினால் 1056 லிட்டர். எங்கள் தொட்டியே 1000 லிட்டர்தான். "அப்ப அவ்ளோ தண்ணியும் எங்கீங்க டீச்சர் போச்சு?" குழாயைப் பிடித்துக்கொண்டே பின்னால் போனார்கள். தமிழ்நாட்டில் 2003இல் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கினார்கள் அல்லவா, அப்போது போட்ட குழாய். பாதிச் சுவரில் உடைந்து, தண்ணீர் அஸ்திவாரத்தில் கொட்டிக்கொண்டிருந்தது. பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் இரண்டு பிள்ளைகள் எழுந்து 1056 என்ற எண்ணைச் சொல்லி விளக்கினார்கள். பிளம்பிங் வேலை செய்யும் ஓர் அப்பா அடுத்த ஞாயிற்றுக்கிழமையே வந்து மாட்டிக் கொடுத்தார். நான் தனியாகக் கேட்டிருந்தால் நடந்திருக்குமா, தெரியாது.

இப்போது ஓடிக்கொண்டிருப்பது வேறு. ஒரு பையனின் அப்பாரு, அதாவது தாத்தா, "ரெண்டு உழவு மழை" என்று சொன்னாராம். உழுவதற்கு ஏற்ற அளவு மண்ணை நனைக்கிற மழையை உழவு மழை என்பார்கள். ஓர் உழவு மழை என்றால் எத்தனை மில்லிமீட்டர்? புத்தகத்தில் இல்லை. ஒவ்வொரு மழைக்கும் மறுநாள் அவர் நிலத்தில் குச்சியால் குத்தி ஈரம் எத்தனை விரற்கடை இறங்கியிருக்கிறது என்று பார்க்கிறார்கள். ஒரு பக்கம் பாட்டில் கணக்கு, ஒரு பக்கம் விரற்கடை, மூன்றாவது பத்தியில் அப்பாரு சொன்னது. இதுவரை நான்கு மழைதான் கிடைத்திருக்கிறது. அதில் ஒன்றுக்கு அப்பாரு, "இது மழையே இல்ல, புழுதி அடங்குற தூத்தல்" என்று சொல்லிவிட்டார். அதை அப்படியே நோட்டில் எழுதி வைத்திருக்கிறார்கள்.