திட்டத்துக்கு அல்ல, அமைப்புக்கு நிதி கொடுங்கள்

ஜனநாயகத்துக்காகவும் மனித உரிமைகளுக்காகவும் உழைக்கும் சிறு உள்ளூர் அமைப்புகளுக்கு நிதி வழங்குபவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: பன்னிரண்டு மாதத் திட்டங்களுக்குப் பணம் கொடுப்பதைக் குறைத்துக்கொண்டு, அந்த அமைப்புகள் ஐந்தாறு ஆண்டுகள் தொடர்ந்து இயங்குவதற்குப் பணம் கொடுங்கள்.

இந்த அமைப்புகள் செய்யும் வேலை எது என்று பார்த்தாலே காரணம் விளங்கும். வாக்காளர் பட்டியலில் விடுபட்டவர்களை மீண்டும் சேர்க்க அலைவது, காவலில் வைக்கப்பட்டவரின் குடும்பத்துக்கு வழக்கறிஞரை ஏற்பாடு செய்வது, உள்ளாட்சி மன்றத்தின் வரவு செலவைக் கேட்டு மனுப் போடுவது, பதில் வராதபோது மேல்முறையீட்டுக்குப் போவது. இவற்றில் எதுவும் நிதியாண்டின் கடைசி நாளில் முடிந்துவிடுவதில்லை. ஒரு வழக்கு ஏழெட்டு ஆண்டுகள் நீளலாம். அந்தக் காலம் முழுவதும் சாட்சிகளை மிரட்டலிலிருந்து காத்து நிற்பவர் ஒரு கள ஊழியர். அவருடைய சம்பளம் பன்னிரண்டாவது மாதத்தோடு நின்றுபோனால், அந்த வழக்கும் பெரும்பாலும் அங்கேயே நின்றுபோகும்.

நிதி வழங்கும் நிறுவனங்கள் இதை அறியாதவை அல்ல. ஆனாலும் அவற்றின் விண்ணப்பப் படிவங்கள் எத்தனை பயிற்சிகள் நடந்தன, எத்தனை பேர் வந்தார்கள், அவர்களில் பெண்கள் எத்தனை பேர் என்றே கேட்கின்றன. எண்ணிக் காட்ட முடிந்ததற்கு மட்டும் பணம் வரும்போது, காவல் நிலைய வாசலில் நிற்க வேண்டியவர்கள் கூட்ட அரங்கில் வருகைப் பதிவேட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டிருக்கிறார்கள். ஒரு கைது தடுக்கப்பட்டதையோ, ஓர் அதிகாரி லஞ்சம் கேட்கத் தயங்கியதையோ அந்தப் படிவத்தின் எந்தக் கட்டத்திலும் எழுத முடியாது. என்னைப் பொறுத்தவரை, இந்தத் துறையின் மிகப் பெரிய இழப்பு இதுதான். கையாடல்கூட இதற்கு அடுத்தபடியாகத்தான் வரும்.

வாடகை, கணக்காளர், தணிக்கை, சட்ட ஆலோசனை போன்ற செலவுகளை வீண் செலவாகக் கருதும் பழக்கமும் இதனோடு சேர்ந்தே வருகிறது. அரசோடு தனி விகிதம் பேசி வாங்கியிராத அமைப்புகளுக்கு அமெரிக்க அரசின் மானியங்களில் இத்தகைய பொதுச் செலவுக்கென அனுமதிக்கப்பட்ட நிலையான விகிதம் நெடுங்காலம் 10 சதவீதமாக இருந்தது. 2024 அக்டோபரில்தான் அது 15 சதவீதமானது. இந்தியாவில் 2020-ஆம் ஆண்டின் சட்டத் திருத்தம் வெளிநாட்டு நன்கொடையிலிருந்து நிர்வாகத்துக்குச் செலவிடத்தக்க வரம்பை 50 சதவீதத்திலிருந்து 20 சதவீதமாகக் குறைத்ததோடு, பெற்ற நிதியை வேறோர் அமைப்புக்குப் பகிர்ந்தளிப்பதையும் தடை செய்தது. நேரடியாக விண்ணப்பிக்கும் வசதியற்ற சிறு குழுக்கள் பெரிய அமைப்புகளின் வழியாகவே நிதி பெற்றுவந்தன. அந்த வழி ஒரே திருத்தத்தில் அடைபட்டது.

வெளிநாட்டுப் பணம் ஏன் என்று கேட்பவர்களுக்கு நேரடியாகப் பதில் சொல்ல வேண்டும். பணம் எங்கிருந்து வருகிறது என்பது மக்களுக்குத் தெரிய வேண்டும் என்ற கோரிக்கை நியாயமானது. ஆனால் 2012-இல் ரஷ்யா கொண்டுவந்த 'அயல்நாட்டு முகவர்' சட்டமும், வருவாயில் 20 சதவீதத்துக்கு மேல் வெளிநாட்டிலிருந்து பெறும் அமைப்புகள் அந்நிய சக்தியின் நலன்களுக்காகச் செயல்படுபவையாகப் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்ற ஜார்ஜியாவின் 2024-ஆம் ஆண்டுச் சட்டமும் கணக்குக் கேட்பதோடு நிற்கவில்லை. அமைப்புகளின் மீது முத்திரை குத்தின. எத்தியோப்பியா 2009-இல் இன்னும் ஒரு படி மேலே சென்று, 10 சதவீதத்துக்கு மேல் வெளிநாட்டு நிதி பெறும் அமைப்புகள் உரிமைப் பணியில் ஈடுபடவே கூடாது என்றது. அந்தச் சட்டம் கைவிடப்பட 2019 வரை ஆனது. மனித உரிமைக் காப்பாளர்கள் குறித்த ஐ.நா. பிரகடனம் 1998-லேயே தன் 13-ஆவது பிரிவில், இப்பணிக்காக நிதி கோரவும் பெறவும் பயன்படுத்தவும் உள்ள உரிமையை ஏற்றிருக்கிறது. உள்நாட்டிலேயே திரட்டலாமே என்பது நல்ல யோசனைதான். ஆனால் பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் தாராளமாகக் கொடுக்கும் செல்வந்தர், ஆட்சியாளரைக் கேள்வி கேட்கும் அமைப்புக்குத் தன் பெயரில் காசோலை எழுதத் தயங்குவார். அவருக்கும் தொழில் இருக்கிறது, உரிமங்கள் இருக்கின்றன.

ஒரே மூலத்தை நம்பியிருப்பதன் ஆபத்தை 2025 காட்டியது. ஜனவரி 20 அன்று அமெரிக்கா வெளிநாட்டு வளர்ச்சி உதவிகளை 90 நாட்களுக்கு நிறுத்திவைத்தது. மார்ச் மாதத்தில் அந்நாட்டு அரசின் வெளிநாட்டு உதவி நிறுவனமான யு.எஸ்.எய்டின் திட்டங்களில் 83 சதவீதம் ரத்து செய்யப்பட்டதாக அறிவிக்கப்பட்டது. அதே நிறுவனம்தான் 2021-இல், தன் நிதியில் கால் பங்கு உள்ளூர் அமைப்புகளுக்கு நேரடியாகச் செல்ல வேண்டும் என்று இலக்கு வைத்தது; நடைமுறையில் அது 10 சதவீதத்தை ஒட்டியே நின்றுவிட்டது. திட்டத்துக்குத் திட்டம் என்று வாழ்ந்துவந்த குழுக்களிடம் ஒரு மாத வாடகைக்குக்கூடச் சேமிப்பு இல்லாமற்போனது அவர்களுடைய அலட்சியத்தால் அல்ல. மிச்சமாகும் பணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்ற ஒப்பந்தங்களில் சேமிப்புக்கு ஏது இடம்?

மொழியும் ஒரு தடைதான். 2005-இல் தொடங்கப்பட்ட ஐ.நா. ஜனநாயக நிதியம் தன் மானியங்களில் பெரும்பகுதியைக் குடிமை அமைப்புகளுக்கே தருவது பாராட்டத்தக்கது. ஆயினும் அது விண்ணப்பங்களை ஆங்கிலத்திலோ பிரெஞ்சிலோ மட்டும் பெற்று, இரண்டு ஆண்டுத் திட்டங்களுக்கே நிதி தந்துவந்திருக்கிறது. இதனால் நன்றாக எழுதத் தெரிந்த தலைநகர அமைப்பு முன்னே போகிறது, நன்றாக வேலை செய்யும் சிற்றூர்க் குழு பின்தங்குகிறது. பிரஸ்ஸல்ஸில் 2013-இல் செயல்படத் தொடங்கிய ஐரோப்பிய ஜனநாயக அறக்கட்டளை ஆண்டு முழுவதும் கோரிக்கைகளைப் பெற்று, பதிவு பெறாத குழுக்களுக்கும் உதவுகிறது. மற்றவர்களால் முடியாது என்று நான் நம்பவில்லை.

நீண்டகால நிதியிலும் கேடு உண்டு என்பதை மறைக்கத் தேவையில்லை. நிறுவனரின் குடும்பச் சொத்தாக மாறிப்போகும் அமைப்புகள் இருக்கின்றன. ஜனநாயகம் பேசிக்கொண்டு இருபது ஆண்டுகளாகத் தலைவரை மாற்றாத சங்கங்களும் இருக்கின்றன. ஆகவே ஐந்தாண்டு நிதியோடு சில கடமைகளும் வரட்டும்: ஆண்டுக்கு ஒருமுறை கணக்கை அந்த வட்டார மக்களின் மொழியில், அவர்கள் கேள்வி கேட்கக்கூடிய பொதுக்கூட்டத்தில் வைக்க வேண்டும், பொறுப்புகளுக்குக் காலவரம்பு இருக்க வேண்டும். இவற்றுக்கு ஈடாக, காலாண்டுக்கொரு முறை கேட்கும் நாற்பது பக்க அறிக்கையைக் கைவிட்டு, எல்லா வழங்குநர்களும் ஒரே படிவத்தை ஏற்றுக்கொள்ளலாம். மொத்தத் தொகையில் பத்தில் ஒரு பங்கைக் கைது, சோதனை, வங்கிக் கணக்கு முடக்கம் போன்ற நெருக்கடிகளுக்கான இருப்பாக வைத்துக்கொள்ள ஒப்பந்தத்திலேயே எழுத்து மூலம் அனுமதிக்கலாம். இவற்றுக்கு எந்த நாட்டின் சட்டமும் மாறும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. நிதி வழங்கும் நிறுவனத்தின் அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்திலேயே முடிவெடுத்துவிடலாம்.