ரிக் வாங்கும் முன் பேப்பரை வாங்குங்கள்

வெளிநாட்டிலிருந்து ரிக், அதாவது ஹாம் என்னும் அமெச்சூர் ரேடியோக்காரர்கள் பேசவும் கேட்கவும் பயன்படுத்தும் டிரான்ஸீவர், வரவழைத்து, அது மீனம்பாக்கத்தில் மாட்டிக்கொண்ட பிறகு கஸ்டம்ஸைத் திட்டும் பதிவுகள் ஓயாமல் கண்ணில் படுகின்றன. அவற்றில் பெரும்பாலானவற்றில் சிக்கல் கஸ்டம்ஸில் தொடங்கவே இல்லை. பணம் கட்டி, பெட்டி கிளம்பி, விமானம் இறங்கிய பிறகுதான் உரிம நகலைத் தேடுகிறார்கள். வரிசை தலைகீழாக இருக்கிறது.

டிரான்ஸீவர் என்பது டிவி மாதிரியோ லேப்டாப் மாதிரியோ இல்லை. உரிமம் இல்லாமல் வயர்லெஸ் கருவியைக் கையில் வைத்திருப்பதே 1933 இந்திய வயர்லெஸ் தந்திச் சட்டத்தின்படி குற்றம். 2023 தொலைத்தொடர்புச் சட்டமும் ரேடியோ கருவியை வைத்திருக்க அனுமதி வேண்டும் என்றே சொல்கிறது. ஆகவே அதிகாரி கேட்பது இரண்டு தனித்தனிக் கேள்விகள். இதை வைத்திருக்க உங்களுக்கு அனுமதி உண்டா? இதற்கு எவ்வளவு வரி? முதல் கேள்விக்குப் பதில் இல்லாதவர் இரண்டாவதற்குப் பணத்தோடு நின்று பயனில்லை. டூட்டி கட்டிவிட்டால் பெட்டி வந்துவிடும் என்று நம்பி ஏமாறுபவர்கள்தான் அதிகம்.

செய்ய வேண்டியது இதுதான். முதலில் செல்லுபடியாகும் அமெச்சூர் உரிமம் கையில் இருக்க வேண்டும். தேர்வு பாஸ் பண்ணிவிட்டேன், கால்சைன் (ஹாமின் அடையாளக் குறி) வரப் போகிறது என்பதெல்லாம் கவுன்டரில் எடுபடாது. அடுத்து, விற்பனையாளரிடம் பணம் கட்டாமல் ப்ரோஃபார்மா இன்வாய்ஸ் (விற்பனைக்கு முன் தரும் உத்தேச பில்) மட்டும் வாங்குங்கள். அதோடு தயாரிப்பாளரின் ஸ்பெசிஃபிகேஷன் தாளையும் சேர்த்து, தொலைத்தொடர்புத் துறையின் சரல் சஞ்சார் இணையதளம் வழியாக, அத்துறையின் வயர்லெஸ் பிரிவான டபிள்யூ.பி.சி.யின் இறக்குமதி அனுமதிக்கு விண்ணப்பியுங்கள். நமக்குப் பொறுப்பு சென்னை வட்டார உரிம அலுவலகம். அனுமதியில் மாடல் பெயரும் எண்ணிக்கையும் அதிர்வெண்ணும் இன்வாய்ஸில் இருப்பது போலவே இருக்கிறதா என்று எழுத்துக்கு எழுத்து பாருங்கள். அனுமதியில் ஒரு மாடல், பெட்டியில் அதன் அடுத்த பதிப்பு என்றால் அது வேறு கருவி. அனுமதி வந்த பிறகு பணம் கட்டினால் போதும்.

ஸ்பெசிஃபிகேஷன் தாளில்தான் பலர் சறுக்குகிறார்கள். சீன ஹேண்டியின் (கையடக்க செட்டின்) தாளை எடுத்துப் பாருங்கள்: டிரான்ஸ்மிட் 136–174, 400–520 மெகாஹெர்ட்ஸ் என்று இருக்கும். இந்தியாவில் நமக்கு இரண்டு மீட்டர் பேண்டில் 144 முதல் 146 வரை, 70 சென்டிமீட்டர் பேண்டில் 434 முதல் 438 வரை. மற்றதெல்லாம் போலீஸ், விமான நிலையம், தனியார் நிறுவனங்கள் என்று வேறு யாருக்கோ ஒதுக்கப்பட்டவை. அந்தத் தாளை அப்படியே நீட்டினால் எந்த அதிகாரியும் நிமிர்ந்து உட்காரத்தான் செய்வார். அவர் மேல் தப்பில்லை. டிரான்ஸ்மிட் எல்லையை அமெச்சூர் பேண்டுக்குள் பூட்டிய மாடலாகப் பார்த்து வாங்குங்கள். அமெரிக்காவுக்கான செட் 144–148 வரை போகும் என்பதையும் மறக்க வேண்டாம். அந்தப் பூட்டை 'அன்லாக்' செய்து அனுப்பவா என்று விற்பவர் கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். ஆன்லைனில் கிடைக்கும் உரிமம் தேவையில்லாத வாக்கி டாக்கி வேறு சங்கதி. 446.0–446.2 மெகாஹெர்ட்ஸில் குறைந்த சக்தியில் இயங்கும் அதற்கு ஈ.டி.ஏ. எனும் கருவி வகை ஒப்புதல் சான்று போதும். அந்தச் சான்றைக் காட்டி ஹாம் ரிக்கை எடுக்க முடியாது.

இன்வாய்ஸில் பொருளின் பெயரை உள்ளபடி எழுதச் சொல்லுங்கள்: 'அமெச்சூர் ரேடியோ டிரான்ஸீவர், ஐகாம் ஐசி-7300, சீரியல் எண் இன்னது, ஒன்று, புதியது, விலை இவ்வளவு.' வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு யோசனை சுற்றிக்கொண்டே இருக்கிறது: 'எலக்ட்ரானிக் ஸ்பேர்' என்று போடச் சொல்லு, 'கிஃப்ட்' என்று எழுதச் சொல்லு, விலையைப் பாதியாகக் காட்டச் சொல்லு. தயவுசெய்து இதை யாருக்கும் சொல்லிக் கொடுக்காதீர்கள். பரிசுப் பொருளுக்கு இருந்த 5,000 ரூபாய்ச் சலுகை 2019 டிசம்பரிலேயே போய்விட்டது. ராக்கிக்கும் உயிர்காக்கும் மருந்துக்கும்தான் விலக்கு. விவரத்தையோ விலையையோ மாற்றிச் சொன்னால் 1962 சுங்கச் சட்டத்தின் 111(எம்) பிரிவில் பறிமுதல் வரை போகும். உண்மையான அனுமதி கையில் இருந்தும், இன்வாய்ஸில் 'ஸ்பேர்' என்று எழுதியதால் அனுமதியும் பெட்டியும் பொருந்தாமல் போவதுதான் எனக்குப் பொறுக்காத விஷயம். நேர்மையாகப் போனால் ஜெயிக்கும் வழக்கை நாமே தோற்கடித்துக்கொள்கிறோம்.

இனி வரி. ரிக் விலை 80,000 ரூபாய், விமானச் சரக்குக் கட்டணம் 18,000 என்று வைத்துக்கொள்வோம். விமானத்தில் வரும் சரக்குக்குக் கட்டணத்தைப் பொருள் விலையில் 20 சதவீதத்துக்கு மேல் கணக்கில் சேர்க்கக் கூடாது என்று 2007 மதிப்பீட்டு விதிகள் சொல்கின்றன. அதனால் 18,000 அல்ல, 16,000தான். இன்ஷூரன்ஸ் தொகை தெரியாவிட்டால் 1.125 சதவீதம், அதாவது 900. மொத்த மதிப்பு 96,900. அடிப்படைச் சுங்க வரி 10 சதவீதம் என்றால் 9,690. அதன் மேல் சமூகநல சர்சார்ஜ் 10 சதவீதம், 969. இவை எல்லாம் சேர்ந்த 1,07,559-க்கு ஐ.ஜி.எஸ்.டி. 18 சதவீதம், 19,361. ஆக சுமார் 30,020 ரூபாய். அடிப்படை வரி 20 சதவீதம் ஆனால் இதே ரிக்குக்கு 42,597. கூரியர்காரர் அனுப்பும் கணக்கில் அந்த 20 சதவீத உச்சவரம்பைப் பின்பற்றியிருக்கிறார்களா என்று கட்டாயம் பாருங்கள்.

எந்த விகிதம் என்பது சுங்க வரி அட்டவணையின் எந்தத் தலைப்பில் வகைப்படுத்துகிறார்கள் என்பதைப் பொறுத்தது. 8517-ஆ, 8525-ஆ, தனிப்பட்ட உபயோகத்துக்கான 9804-ஆ, கூடவே எடுத்து வந்தால் பேக்கேஜுக்கான 9803-ஆ? பட்ஜெட்டுக்கு பட்ஜெட் விகிதமும் மாறும். ஒரே ரிக்குக்கு இரண்டு பேர் இரண்டு தொகை கட்டுவது நியாயமில்லை. டபிள்யூ.பி.சி.யும் சுங்கத் துறையும் உட்கார்ந்து ஹாம் கருவிக்கென்று ஒரு பக்கக் குறிப்பு வெளியிட்டால் இதில் பாதிப் பிரச்சினை தீரும்: எந்தத் தலைப்பு, என்னென்ன பேப்பர், எது இருந்தால் விடுவிக்கலாம். 2004 சுனாமியில் போர்ட் பிளேரிலிருந்து செய்தி வெளியே வர ஹாம்கள் பயன்பட்டார்கள். 1984-ல் வயர்லெஸ் கருவிகளின் இறக்குமதி வரியை விலக்கிய பிறகுதான் இந்தியாவில் ஹாம்களின் எண்ணிக்கை கூடியது என்பதும் வரலாறு. பேரிடர் வந்தால் கூப்பிடும் அரசு, சும்மா இருக்கும் காலத்தில் அவர்கள் செட் வாங்குவதற்குத் தெளிவான வழியாவது காட்ட வேண்டும். அந்தக் குறிப்பு வரும் வரை, உங்களுக்குப் போட்ட வகைப்பாடு தவறென்றால் எழுத்துப்பூர்வ உத்தரவு கேளுங்கள். மேல்முறையீட்டுக்கு 60 நாள் உண்டு. கவுன்டரில் குரலை உயர்த்துவதால் ஒன்றும் நடக்காது.

கூரியரில் வரவழைத்தால் வே-பில் எண் (பெட்டியின் கூரியர் எண்) கிடைத்த அன்றே உரிமம், இறக்குமதி அனுமதி, இன்வாய்ஸ், பணம் கட்டிய ரசீது, ஆதார் அல்லது பான் எல்லாவற்றையும் அவர்களின் கிளியரன்ஸ் பிரிவுக்கு மெயில் போடுங்கள். சொந்த உபயோகத்துக்கு ஐ.இ.சி. எனும் இறக்குமதி-ஏற்றுமதி எண் தேவையில்லை; கேட்டால் அதைச் சொல்லுங்கள். கூரியர் வழி விடுவிக்காமல் ஏர் கார்கோவுக்கு மாற்றிவிட்டால் கிளியரிங் ஏஜென்ட் வைத்துக்கொள்வது நல்லது. அங்கே பில் ஆஃப் என்ட்ரி (சுங்கத்துக்குத் தரும் இறக்குமதிப் படிவம்) தாமதமானால் முதல் மூன்று நாளுக்கு நாளொன்றுக்கு 5,000, அதன் பின் 10,000 ரூபாய் விழும். பேப்பர் இழுக்கும் என்று தெரிந்தால் 49-ம் பிரிவில் 30 நாள் வரை கிடங்கில் வைக்கக் கேட்கலாம்; டெமரேஜாவது (சரக்கு தேங்கி நிற்பதற்கான கட்டணம்) மிச்சம்.

கையோடு கொண்டு வருபவர்கள் விமான நிலையத்தில் ரெட் சேனலில் (சுங்கத்திடம் அறிவிக்க வேண்டியவர்களுக்கான வழி) போய் அறிவியுங்கள். டூட்டி ஃப்ரீ வரம்பு வரிக்குத்தான், வயர்லெஸ் அனுமதிக்கு இல்லை. பேப்பர் இல்லாமல் மாட்டினால், 80-ம் பிரிவில் டிடென்ஷன் ரசீது கேட்டு, திரும்பப் போகும்போது எடுத்துப் போகலாம். ஆனால் நீங்களாக அறிவித்திருந்தால்தான் அந்த வழி.

எல்லாவற்றையும் வெளியே வாங்கவும் வேண்டாம். 100 வாட் ஹெச்.எஃப். (சிற்றலை) செட் டிரான்ஸ்மிட்டில் 20 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். அதற்கான 13.8 வோல்ட், 30 ஆம்பியர் பவர் சப்ளையை ரிச்சி தெருவில் தேடுங்கள். எடையும் சரக்குக் கூலியும் மிச்சம். ஆன்டெனா, எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டர் (ஆன்டெனா சரியாகப் பொருந்துகிறதா என்று அளப்பது), மோர்ஸ் கீ எதுவும் டிரான்ஸ்மிட்டர் இல்லை, அவற்றைத் தனி இன்வாய்ஸில் தனிப் பெட்டியாக வரவழைத்தால் ரிக் நின்றாலும் அவை நிற்காது. புதிதாக வருபவர்களுக்கு ஹைதராபாத்திலிருந்து வரும் பிட்எக்ஸ் வகை செட்டே போதும், கஸ்டம்ஸ் வாசலே மிதிக்க வேண்டாம்.

ரிக் வந்த பின் பழுதாகி வெளிநாட்டுக்கு அனுப்ப நேர்ந்தால், ஷிப்பிங் பில்லில் (ஏற்றுமதிப் படிவத்தில்) 'ரிப்பேருக்காக, திரும்பி வரும்' என்று எழுதி, பின்பக்கத் தகட்டில் உள்ள சீரியல் எண்ணையும் பதியச் செய்யுங்கள். இதற்கான சுங்க அறிவிக்கையின்படி, மூன்று ஆண்டுக்குள் திரும்பினால், ரிப்பேர் செலவுக்கும் போக்குவரத்து, இன்ஷூரன்ஸுக்கும் மட்டுமே வரி. எண் பதியாமல் அனுப்பினால் அதே ரிக்குக்கு இரண்டாம் முறை முழு டூட்டி கேட்பார்கள்.