போர் மறுப்பாளர்கள் "தப்பித்த" கதையின் செலவுக் கணக்கு

போரில் சேரக் கூடாது என்று நம்பும் மெனோனைட் கிறிஸ்தவர்களைப் பற்றிப் பேச்சு வந்தாலே, "சட்டத்து ஓட்டை வழியாகப் போரிலிருந்து நழுவியவர்கள்தானே" என்று ஒரு குரல் கேட்கும். இரண்டாம் உலகப் போர்க்கால அமெரிக்காவில் அந்த ஓட்டை எவ்வளவு பெரிது என்று பார்த்துவிட்டுப் பேசலாம்.

1940-ன் கட்டாய ராணுவச் சேவைச் சட்டப்படி, நம்பிக்கையின் பேரில் போரை மறுப்பவர் 47-ஆம் எண் படிவத்தை நிரப்ப வேண்டும். உன் நம்பிக்கை என்ன, யாரிடம் கற்றாய், வெளியில் எங்கே சொல்லியிருக்கிறாய்? எந்தச் சூழலில் பலப்பிரயோகம் சரி என்பாய்? வில்லங்கம் இந்தக் கடைசிக் கேள்வியில். "போலீஸ் வேண்டும்" என்றால் ராணுவம் மட்டும் ஏன் கூடாது என்பார்கள். "எதுவுமே கூடாது" என்றால் நம்பமாட்டார்கள். முடிவு சொல்வது உள்ளூர் ஆள்சேர்ப்பு வாரியம். பள்ளிப்படிப்பைப் பாதியில் விட்ட பண்ணைப் பையனின் மனசாட்சியைவிட அவன் எழுத்துத் திறமையைத்தான் இது அளந்தது என்பேன்.

வாரியம் ஏற்றுக்கொண்டால் இரண்டு வகை. ராணுவத்துக்குள் ஆயுதம் தொடாத வேலைக்கு 1-ஏ-ஓ. சீருடையே வேண்டாம் என்றால் 4-ஈ. அவர்களுக்குப் பொதுப்பணி முகாம். முதல் முகாம் 1941 மே மாதம் மேரிலாண்டின் படாப்ஸ்கோவில் திறந்தது. மொத்தம் ஏறக்குறைய 12,000 பேர். மண்ணரிப்புத் தடுப்பு, காட்டுத்தீ அணைப்பு, பிறகு மனநல மருத்துவமனைகள்.

சம்பளம் கிடையாது. சாதாரண சிப்பாய்க்கு மாதம் 50 டாலர். முகாமில் இருப்பவரின் சாப்பாடு, தங்கும் செலவுக்கு மாதம் சுமார் 35 டாலரை அவரோ குடும்பமோ கட்ட வேண்டும், முடியாவிட்டால் சபை. மனைவி, பிள்ளைகளுக்குப் படி இல்லை. மரம் விழுந்து கால் முறிந்தால் இழப்பீடும் இல்லை. பண்ணையாளரிடம் வேலைக்கு அனுப்பினால் அந்தக் கூலி அரசுக் கருவூலத்துக்குப் போனது. உழைத்தவர் கைக்கு வரவேயில்லை. முகாம்களை முழுதாக மூட 1947 ஆனது.

இந்த ஏற்பாட்டுக்குச் சபைகள் ஏன் தலையாட்டின? முதல் உலகப் போரின் 1918-ஐப் பார்த்தவர்கள் அவர்கள். மெனோனைட்டுகளுக்குப் பங்காளிகள் போன்ற ஹட்டரைட் சபையின் நான்கு பேர், மூன்று ஹோஃபர் சகோதரர்களும் ஜேக்கப் விப்ஃபும், சீருடை அணிய மறுத்தார்கள். 20 ஆண்டு தண்டனை, அல்காட்ராஸ் தீவுச் சிறையின் ஈர நிலவறை. குளிரிலும் பக்கத்தில் வைத்த சீருடையைத் தொடவில்லை. போர் முடிந்த பிறகு கான்சாஸின் லெவன்வொர்த் சிறைக்கு மாற்றினார்கள். சில நாட்களில் ஜோசப், அடுத்து மைக்கேல் இறந்தார்கள். ஜோசப்பின் பிணத்துக்குச் சீருடை மாட்டிச் சவப்பெட்டியில் வைத்திருந்தார்கள். உயிரோடு இருந்தவரை அவர் தொடாத அதே உடை. அதன்பின் ஹட்டரைட்டுகளில் பெரும்பாலோர் கனடாவுக்கே கிளம்பிவிட்டார்கள்.

ஒன்றை மறைக்கக் கூடாது. இரண்டாம் உலகப் போரில் அழைப்பு வந்த மெனோனைட் இளைஞர்களில் முகாமுக்குப் போனவர்கள் 46 சதவீதம்தான். ஆயுதமில்லாப் பணிக்கு 14. மீதி 40 சதவீதம் பேர் வழக்கமான ராணுவப் பணிக்கே போனார்கள். இது எதிரிகள் சொன்ன கணக்கு அல்ல, சபைகளே எடுத்தது.