ஜவ்வாது மலையைச் சின்ன மலை என்று யார் சொன்னது?

"ஊட்டியைப் பார்த்த கண்ணுக்கு உங்கள் ஜவ்வாது மலையெல்லாம் ஒரு மலையா?" வேலூர்ப் பக்கத்துக்காரர்களான எங்கள் காதில் காலங்காலமாக விழுந்து வரும் பேச்சு இது. எனக்கு இதில் துளியும் உடன்பாடு இல்லை.

ஊட்டியின் தொட்டபெட்டா சிகரம் 2,637 மீட்டர்; ஜவ்வாதின் முகடுகளோ 1,100 மீட்டரை ஒட்டியவை. அதை யார் மறுத்தார்கள்? ஆனால் சிகர உயரம் ஒரே ஒரு புள்ளியின் கணக்கு. ஆலங்காயத்திலிருந்து காவலூருக்கு ஏறிப் பாருங்கள். ஆசியாவின் பெரிய தொலைநோக்கிகளில் ஒன்று நிற்கும் அந்த இடம் 725 மீட்டர்தான். அதைத் தாண்டியும் சாமைக் கொல்லைகள், ஊர்கள், காடு, ஓடைகள் என்று மலை போய்க்கொண்டே இருக்கிறது. ஒருகாலத்தில் வடஆற்காடு என்ற ஒரே மாவட்டத்தில் இருந்த அதன் பெரும்பகுதி இன்று வேலூர், திருப்பத்தூர், திருவண்ணாமலை என மூன்று மாவட்டங்களில் கிடக்கிறது. (வேலூரில் இருப்பது மரமில்லாத மலை என்று கேலி செய்பவர்கள் ஊரைச் சுற்றியுள்ள பாறைக் குன்றுகளோடு திரும்பிவிட்டவர்கள்.)

உலக அளவிலும் இதே குழப்பம்தான். கடல்மட்டத்திலிருந்து அளந்தால் எவரெஸ்ட் முதலிடம், 8,848 மீட்டர். பூமியின் மையத்திலிருந்து அளந்தால் ஈக்வடாரின் சிம்போராசோ. கடலடியில் இருக்கும் அடிவாரத்திலிருந்து அளந்தால் ஹவாயின் மௌனா கியா பத்தாயிரம் மீட்டரைத் தாண்டுகிறது. நீளம் என்று வந்தால் சுமார் 2,400 கிலோமீட்டர் இமயம், 7,000 கிலோமீட்டர் ஆண்டிஸுக்கு முன்னால் பாதிகூட இல்லை.

அடிவாரத்தைச் சொல்லாமல் உயரத்தை மட்டும் சொல்வதுதான் எனக்குப் பெரிய குறை. ஏலகிரி சுமார் 1,100 மீட்டர் என்கிறோம். அதன் அடிவாரத்து ஜோலார்பேட்டை ரயில் நிலையமே கடல்மட்டத்துக்கு 400 மீட்டர் மேலே இருக்கிறது. அங்கே நின்று அண்ணாந்து பார்ப்பவருக்கு மலை 700 மீட்டர்தான். நம்மூர் மலைக்குப் பாதகமான கணக்குதான். ஆனாலும் நேர்மையான கணக்கு அதுவே.

தொடர் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பது அடுத்த சிக்கல். கோதாவரியும் கிருஷ்ணாவும் அறுத்துப்போட்ட கிழக்குத் தொடர்ச்சி மலையின் நீளத்தில் அந்த இடைவெளிகளையும் சேர்ப்பதா? ஏலகிரியை ஜவ்வாதோடு சேர்ப்பதா, தனி மலையாக வைப்பதா? வரைபடத்துப் பரப்பளவோ சரிவையும் மடிப்பையும் தட்டையாக்கிவிடுகிறது.

என்னைக் கேட்டால் கன அளவுதான் நியாயமான அளவுகோல். 2000-இல் எண்டெவர் விண்கலம் ரேடாரால் எடுத்த உயரத் தரவு இன்று இலவசமாகவே கிடைக்கிறது. நம் கல்லூரிகளின் புவியியல் மாணவர்கள் எல்லா மலைகளுக்கும் ஒரே அடிவார உயரத்தை முடிவு செய்துகொண்டு, அதற்கு மேல் ஜவ்வாது, ஏலகிரி, கல்வராயன், நீலகிரி ஒவ்வொன்றிலும் எத்தனை கன கிலோமீட்டர் மலை இருக்கிறது என்று கணக்கிட்டு வெளியிட வேண்டும். ஊட்டியோடு ஒப்பிடுவதை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.