சூனியக்காரி என்பதற்கு என்ன சாட்சி?

சூனியக்காரி என்று சொல்லிப் பெண்களைக் கொன்றதெல்லாம் படிக்காத ஜனங்களின் மூடநம்பிக்கை என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம்தான் வருகிறது. ஐரோப்பாவில் 15ஆம் நூற்றாண்டிலிருந்து 18ஆம் நூற்றாண்டு வரை இந்தக் குற்றச்சாட்டில் கொல்லப்பட்டவர்கள் சுமார் 40,000 முதல் 60,000 பேர் என்று வரலாற்றாசிரியர்கள் கணக்கிடுகிறார்கள். பெரும்பாலோர் பெண்கள். தீர்ப்பு எழுதியவர்களில் சட்டமும் இறையியலும் கரைத்துக் குடித்தவர்கள் ஏராளம்.

ஜெர்மனியில் பாம்பெர்க் என்ற ஊர். அங்கே மேயராக இருந்த யோஹானஸ் யூனியுஸ் 1628இல் இதே குற்றச்சாட்டில் சிக்கினார். கட்டைவிரல்களைத் திருகாணியில் வைத்து நசுக்கினார்கள். கைகளைப் பின்னால் கட்டிக் கயிற்றில் தூக்கித் தூக்கி விட்டார்கள். கடைசியில் சித்திரவதை செய்த ஆளே, எதையாவது இட்டுக்கட்டியாவது ஒத்துக்கொள்ளுங்கள், உங்களால் தாங்க முடியாது என்று அவரிடம் கெஞ்சியிருக்கிறான். ஒத்துக்கொண்டார். அதோடு விட்டார்களா? கூட இருந்தவர்கள் யார் யார் என்று தெருத்தெருவாகப் பெயர் கேட்டார்கள். சிதைந்த கையால் மகள் வெரோனிகாவுக்கு அவர் ரகசியமாக எழுதிய கடிதம் இன்றும் இருக்கிறது. குற்றமில்லாமல் சிறைக்கு வந்தேன், குற்றமில்லாமல் சாகப்போகிறேன் என்கிறார். வலி தாங்காமல் ஒருவர் சொல்லும் பெயர்களிலிருந்து அடுத்த வழக்குகள் முளைக்கும். வேட்டை வளர்ந்தது இப்படித்தான்.

இதற்குப் பல ஆண்டுகள் முன்பே ஸ்பெயினில் ஒருவர் வேறு மாதிரி விசாரித்திருந்தார். அவரைப் பற்றி நம்மில் அதிகம் பேர் பேசுவதில்லை என்பது என் ஆதங்கம். பெயர் அலோன்சோ தெ சாலசார் ஃப்ரியாஸ். இன்குவிசிஷன் என்ற திருச்சபை விசாரணை மன்றத்தில் நீதிபதி. அந்த மன்றம் யூத வம்சாவளியினருக்குச் செய்த கொடுமைகளை நான் மறக்கவில்லை. ஆனால் இந்த மனிதர் செய்ததைச் சொல்லியே ஆக வேண்டும்.

1610 நவம்பரில் லோக்ரோன்யோ நகரில் பாஸ்க் பகுதியைச் சேர்ந்த ஆறு பேரை, சூனியக்காரர்கள் என்ற இந்த மன்றத்தின் தீர்ப்பின்படி, உயிரோடு எரித்தார்கள். ஏற்கெனவே சிறையில் செத்துப்போன ஐந்து பேரின் உருவங்களையும் எரித்தார்கள். சாலசார் அந்த மன்றத்தின் மூன்று நீதிபதிகளில் இளையவர். அடுத்த ஆண்டு அவரே கிராமம் கிராமமாகக் கிளம்பினார். 1,800க்கும் மேற்பட்டவர்களை விசாரித்தார். அதில் பெரும்பாலோர் குழந்தைகள்! சூனிய மருந்து என்று கொண்டுவந்த களிம்புச் சட்டிகளை மருத்துவர்களிடம் காட்டினார், மிருகங்களுக்குக் கொடுத்துப் பார்த்தார். ஒன்றும் ஆகவில்லை. இன்ன இரவு இன்ன இடத்தில் சூனியக்கூட்டம் நடந்தது என்று சாட்சி சொன்னார்கள். அதே இரவு அதே இடத்தில் இருந்த அவருடைய எழுத்தர்கள் இருவர் எதையும் பார்க்கவில்லை. இந்தப் பேச்சும் எழுத்தும் கிளம்புகிற வரைக்கும் அங்கே சூனியக்காரிகளும் இல்லை, சூனியத்தால் பாதிக்கப்பட்டவர்களும் இல்லை என்று மேலிடத்துக்கு எழுதினார். சக நீதிபதிகள் கடுமையாக எதிர்த்தார்கள். ஆனாலும் 1614இல் தலைமை மன்றம் அவர் பக்கம் வந்து புது விதிகளை வெளியிட்டது. பேய், பிசாசு இல்லை என்று சாலசார் வாதாடவே இல்லை. சாட்சி எங்கே என்றுதான் கேட்டார். ஊர் ஜனங்களின் நம்பிக்கை அப்படியேதான் இருந்தது. ஆனால் எரிப்பது கிட்டத்தட்ட நின்றுபோனது.

அமெரிக்காவின் சேலத்திலும் இதே கதைதான். 1692இல் 19 பேரைத் தூக்கிலிட்டார்கள். என் கனவில் வந்தாள், உருவமாக வந்து கிள்ளினாள் என்பதெல்லாம் அங்கே சாட்சியாக எடுபட்டது. அந்த மாதிரிச் சாட்சி செல்லாது என்று ஆனதும் அடுத்த ஆண்டு வழக்குகள் பிசுபிசுத்தன.

இப்போது நம் நாட்டுக்கு வருவோம். ஜார்க்கண்ட், பீகார், அசாம் கிராமங்களில் இன்னும் பெண்களை டாயின், அதாவது சூனியக்காரி, என்று பட்டம் கட்டி அடிக்கிறார்கள், கொல்கிறார்கள். குழந்தைக்குக் காய்ச்சல், மாடு செத்தது என்றால் ஓஜா என்கிற மந்திரவாதி ஒரு பெயரைச் சொல்வான். அது பல நேரம் துண்டு நிலம் வைத்திருக்கும் விதவையின் பெயராக இருக்கும். அந்த நிலத்தின் மேல் யாருக்குக் கண் என்று விசாரித்தாலே பாதி வழக்குக்கு விடை கிடைத்துவிடும்.

பீகார் 1999இல் கொண்டுவந்த சட்டத்தில், ஒருத்தியை டாயின் என்று அடையாளம் காட்டினால் அதிகபட்சம் மூன்று மாதச் சிறை அல்லது 1,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். ஒரு பெண்ணின் உயிருக்கு உலை வைக்கும் சொல்லுக்கு இதுவா தண்டனை? பிணம் விழுந்த பிறகு கொலை வழக்குப் போடுவது போதாது. ஓஜா பெயர் சொன்ன அன்றைக்கே அவனையும், அவனுக்குக் காசு கொடுத்து அழைத்து வந்தவனையும் போலீஸ் பிடித்து உள்ளே வைக்க வேண்டும்.