அந்தப் பிள்ளை கேட்டது சரியான கேள்வி

ஞாயிற்றுக்கிழமை உயர்தர உயிரியல் கருத்தரங்கில் நடந்ததை வீடியோவில் எல்லாரும் பார்த்துவிட்டீர்கள். "ஜீ புரதம் வேலை செய்யத் தொடங்கினா பிறகு எப்பிடி நிற்கும் சேர்?" என்று ஒரு பிள்ளை எழும்பிக் கேட்கிறாள். "சிலபஸ்ல இல்லாததக் கேட்டு நேரத்த வீணாக்காத புள்ள, இரு" என்கிறார் ஆசிரியர். மண்டபமே சிரிக்கிறது. அந்தச் சிரிப்பு எனக்கு இன்னும் ஆறவில்லை.

அந்தப் பாடத்தின் உயிரே அந்தக் கேள்விதான். ஓமோன் வந்து கலத்தின் மேலுள்ள வாங்கி என்ற புரதத்தில் பொருந்தும், அதன் செய்தியை உள்ளே கடத்துகிற ஜீ புரதம் ஜீ.டி.பி. (GDP) என்ற சிறு மூலக்கூறை விட்டுவிட்டு ஜீ.ரி.பி.யை (GTP) பிடிக்கும், கலத்துக்குள் செய்தி போகும். இதுவரைக்கும் எல்லாரும் படிப்பிக்கிறோம். பிறகு? ஜீ புரதத்தின் ஒரு பகுதியான அல்பா உபஅலகு, தான் பிடித்த ஜீ.ரி.பி.யைத் தானே நீர்ப்பகுப்புச் செய்யும், அதாவது உடைத்துத் திரும்ப ஜீ.டி.பி. ஆக்கும்; அப்போதுதான் செய்தி நிற்கும். ஆனால் தனியே விட்டால் நிமிடத்துக்குச் சில தடவைதான். வெளிச்சத்தைக் காண்பதும் ஒரு ஜீ புரதத்தால்தான்; கண் அவ்வளவு நேரம் காத்திருக்குமா? அதற்குத்தான் ஆர்.ஜீ.எஸ். புரதங்கள் இருக்கின்றன. அவற்றில் ஏறத்தாழ 120 அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு பகுதி அல்பா உபஅலகோடு ஒட்டி, நீர்ப்பகுப்புக்கு ஏற்ற நிலையில் அதை இறுக்கி வைக்கும். வேகம் ஆயிரம் மடங்கு வரை கூடும். மனிதரில் இந்த வகைப் புரதங்கள் ஏறத்தாழ 20 இருக்கின்றன.

ஜீ புரதங்களைக் கண்டுபிடித்ததற்காக அமெரிக்க விஞ்ஞானிகள் கில்மனுக்கும் ரொட்பெலுக்கும் 1994 இல் நோபல் பரிசு கிடைத்தது. நிறுத்துகிற இந்த ஆர்.ஜீ.எஸ். புரதக் குடும்பம் வெளியே தெரிய வந்தது 1995, 1996 இல். சோதனைக்குழாயில் அளந்ததைவிடக் கண்ணுக்குள் செய்தி வேகமாக நிற்கிறதே, எப்படி என்று ஆய்வாளர்களே அதுவரை தேடிக்கொண்டிருந்தார்கள். பெரிய ஆய்வுகூடங்கள் கேட்ட கேள்வியை மட்டக்களப்பில் ஒரு பதினெட்டு வயதுப் பிள்ளை கேட்டால் சிரிப்பீர்களா?

விழித்திரையில் ஆர்.ஜீ.எஸ்.9 புரதமோ, அதை மென்சவ்வில் பிடித்து வைக்கிற புரதமோ பழுதான ஆட்களைப் பற்றி 2004 இல் எழுதியிருக்கிறார்கள். இருட்டிலிருந்து வெயிலுக்கு வந்தால் சில செக்கன் ஒன்றும் தெரியாது. ஓடி வருகிற பந்தைக் கண்ணால் பின்தொடர முடியாது. அவர்கள் கண்ணில் செய்தி தொடங்குவதில் ஒரு குறையும் இல்லை. நிற்பதில்தான் குறை.

என் அம்மப்பாவின் அக்கா படுவான்கரையில் சின்ன வயதிலேயே வாந்திபேதியில், அதாவது கொலராவில், செத்துப்போனவர். தெய்வக் குற்றம் என்றுதான் அம்மப்பா சாகும்வரை நம்பினார். கொலராக் கிருமியின் நச்சு குடற்கலத்திலுள்ள ஜீ புரதத்தின் அல்பா உபஅலகில் ஒட்டி, ஜீ.ரி.பி.யை உடைக்கிற திறனைக் கெடுத்துவிடும். செய்தி நிற்காது. குளோரைட்டு வெளியே கொட்டும், பின்னால் தண்ணீர் போகும், கடுமையானால் மணித்தியாலத்துக்கு ஒரு லீற்றர் வரை. குளுக்கோசும் சோடியமும் சேர்ந்து உள்ளே போகிற வழி மட்டும் அப்போதும் திறந்தே இருக்கும். அதனால்தான் உப்பும் குளுக்கோசும் உள்ள, தண்ணீரில் கரைத்துக் குடிக்கிற ஜீவனிப் பக்கற் உயிர் காக்கிறது. இதை நான் பல்கலைக்கழகத்தில் படித்த அன்றைக்கு அம்மப்பா உயிரோடு இல்லை. இருந்திருந்தால் அவரிடம் போய்ச் சொல்லியிருப்பேன், தெய்வத்தின் மேலும் குற்றமில்லை, உங்கட அக்காவின் மேலும் குற்றமில்லை என்று.

"பரீட்சைக்கு வராததை எதற்குப் படிப்பிப்பது?" என்று கீழே எழுதப் போகிறீர்கள். தெரியும். தொடங்குவதை மட்டும் பாடமாக்கிய பிள்ளைக்கு, வைத்தியபீடம் போன பிறகு இந்த நோய்களில் ஒன்றாவது விளங்குமா? நேரமில்லை என்பது நியாயம், ஒப்புக்கொள்கிறேன். "நல்ல கேள்வி மகள், பிறகு சொல்றன்" என்று சொல்ல எத்தனை செக்கன் வேண்டும்?

நான் அந்த ஆசிரியரைத் தாக்குகிறேனாம். யாரையும் தாக்கவில்லை. அந்தப் பிள்ளை விடிய முதல் பஸ்ஸில் வந்தவள். முன்வரிசையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்துச் சிரிக்க, தலையைக் குனிந்துகொண்டு இருந்தாள். இனி எந்த வகுப்பிலாவது எழும்பி வாய் திறப்பாளா? நாங்கள் படித்த காலத்திலும் பெண் பிள்ளை கேள்வி கேட்டால் "வாய்க்காரி" என்பார்கள். கேட்காமலே விட்ட கேள்விகள் எனக்கு இப்போதும் நினைவிருக்கின்றன.

மகள், நீங்கள் இதை வாசித்தால்: வாங்கியையும் நிறுத்த வேறு புரதங்கள் இருக்கின்றன. கைனேசு நொதியங்கள் வாங்கியில் பொசுபேற்றைச் சேர்க்க, அரெஸ்ரின் வந்து ஒட்டி ஜீ புரதத்துக்கு வழிவிடாமல் செய்யும். சனிக்கிழமை பின்னேரம் கல்லடி வகுப்பில் இதைக் கீறி விளங்கப்படுத்தப் போகிறேன். காசு வேண்டாம். வாருங்கள், அன்றைக்குச் சிரித்தவர்களும் வரலாம்.